எளியோர் கைக்கு வந்த காமிரா

சரித்திர ஆராய்ச்சி என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் பழங்காசும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை பெரும்பாலும் மன்னரும் வணிகரும் விட்டுச்சென்ற சான்றுகள். ஆயினும் சாதாரண மக்கள் கையாண்ட பொருள்களும் சான்றுகளே அல்லவா? உடைந்த மட்பாண்டத்தின் ஓட்டைக் கொண்டு ஓர் ஊரின் வாழ்வை அறிஞர் கணித்துக் கூறுகின்றனர். அவ்வாறே ஒரு சிறு யந்திரத்தின் விவரக் குறிப்பையும் ஒரு சாசனம்போல் எடுத்து வைத்துக்கொண்டு, வரிவரியாகப் படித்துப் பொருள் காணலாம் என்பது என் எண்ணம். இன்று நான் எடுத்துக்கொண்ட சாசனம் மிகப் பழையதன்று. 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இந்தியாவில் 5,999 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்த ரெட்மி 1எஸ் என்னும் ஸ்மார்ட்போனின் விவரக் குறிப்பே அது.

அந்தக் கைபேசியைச் செய்த சீனக் கம்பெனியின் பெயர் ஷியாவ்மி. அச்சொல்லுக்குச் சீன மொழியில் தினை என்பது பொருள். ரெட்மி என்பதன் சீனப் பெயர் ஹொங்மி. அது செவ்வரிசியைக் குறிக்கும். பட்டும் பொன்னும் வைரமும் அல்ல, ஏழை எளியவர் உண்ணும் தானியங்களே அந்தப் பொருளுக்குப் பெயராயின. பெயரிலேயே அதன் நோக்கம் விளங்குகின்றது.

இனி அதன் குறிப்பைப் பார்ப்போம். 4.7 அங்குலத் திரை. அதில் குறுக்கே 720, நெடுக்கே 1,280 புள்ளிகள். 1 ஜிகாபைட் செயல் நினைவகம். 8 ஜிகாபைட் சேமிப்பு. வேண்டுமானால் தனியாக ஒரு நினைவட்டையும் செருகிக்கொள்ளலாம். 2,000 மில்லி ஆம்பியர் மணி அளவுள்ள, கழற்றி மாற்றத்தக்க பாட்டரி. பின்புறம் 8 மெகாபிக்சல் காமிரா; முன்புறம் 1.6 மெகாபிக்சல் காமிரா. பின்புறக் காமிராவின் துவார எண் 2.2. அது தானே குவியம் கொள்ளும். பக்கத்திலே ஒரு சிறு மின்விளக்கும் உண்டு.

இந்த எண்களின் பெருமையை உணரவேண்டுமாயின், இவற்றுக்கு முன்பிருந்த நிலையை அறிதல் வேண்டும்.

புகைப்படக் கலை பிரான்ஸ் தேசத்தில் பிறந்தது. நீப்ஸ் என்பார் 1826 அல்லது 1827-இல் தம் வீட்டுச் சன்னலின் வழியே தெரிந்த காட்சியை உலோகத் தகட்டிலே பதித்தார். அதற்குப் பல மணி நேரம் பிடித்தது. அவருடைய கூட்டாளியாகிய டகேர் அம்முறையைத் திருத்தி வளர்த்தார். டகேரின் முறையைப் பிரெஞ்சு அரசாங்கம் வாங்கி, 1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் தேதி உலகறிய வெளியிட்டது. அதன்பின் இருபது ஆண்டுகள் கழிவதற்குள் அக்கலை நம் நாட்டிற்கும் வந்துவிட்டது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக விளங்கிய லினேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களில் எடுத்த படங்கள் 1858-இல் வெளியாயின. கோயில்களும் அரண்மனைகளும் மலைக்கோட்டைகளும் அப்படங்களிலே அழகுறக் காட்சி தருகின்றன.

அவற்றைப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. அந்தக் கோபுரங்களின் நிழலில் பூ விற்றவர் யார்? தண்ணீர் சுமந்தவர் யார்? அவர்களுடைய முகங்கள் எங்கே? மிகப் பெரிய யந்திரம், மெழுகூட்டிய காகித நெகடிவ், நீண்ட ஒளியூட்டல், பல சுமைக் கருவிகள், அரசாங்கத்தின் பொருளுதவி ஆகிய இவ்வளவும் வேண்டியிருந்த காலத்தில் எளியோர் முகம் படத்தில் ஏறுவது அருமையாகவே இருந்தது. என் தாய்வழிப் பாட்டனாரின் முகம் எவ்வாறு இருந்தது என்று எங்கள் வீட்டில் இன்று சொல்லவல்லவர் ஒருவரும் இல்லை. அவருடைய படம் ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. நாட்டின் பல்லாயிரம் வீடுகளின் கதை. ஆகவே காமிராவின் விலை என்பது வெறும் வணிகச் செய்தியன்று. யாருடைய முகம் காலத்தை வென்று நிற்கும், யாருடைய முகம் மறைந்தொழியும் என்பதை அந்த விலையே பெரிதும் தீர்மானித்து வந்தது.

அந்த விலையைக் குறைக்க முதன்முதல் பெருமுயற்சி செய்தவர் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888-இல் அவர் விற்ற கோடக் காமிராவில் நூறு படங்களுக்குரிய சுருள் முன்னரே பூட்டப்பட்டிருந்தது. படம் எடுத்து முடித்தபின் காமிராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால், படங்களை அச்சிட்டுப் புதுச்சுருளும் பூட்டித் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் அதன் விலை 25 டாலர். தொழிலாளிக்கு எட்டாத தொகை. பின்னர் 1900-இல் பிரௌனி என்னும் காமிராவை ஒரே டாலருக்கு விற்கத் தொடங்கினார். அட்டையாற் செய்த பெட்டி, ஒற்றை வில்லை, ஆறு படங்களுக்கு ஒரு சுருள், அச்சுருளின் விலை 15 சென்ட். சிறுவர் சிறுமியரும் வாங்கும்பொருட்டே அது விளம்பரம் செய்யப்பட்டது. முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிரௌனிகள் விற்றன.

பிரௌனியால் என்ன செய்ய முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். குவியத்தை மாற்ற இயலாது. மங்கிய ஒளியிலே கையிற் பிடித்துக்கொண்டு படம் எடுக்க இயலாது. எல்லாவற்றையும் ஒருங்கே தருவது மலிவான யந்திரத்தின் இயல்பன்று. எதை விட்டுவிட்டால் பெரும்பான்மையோர் வருந்தமாட்டார்கள் என்று தேர்ந்து, அதை விட்டுவிடுவதே அதைச் செய்வோரின் திறமை. இந்த இலக்கணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் 2014-ஆம் ஆண்டுக் கைபேசியின் குறிப்பும் எளிதில் விளங்கும்.

நம் நாட்டில் அந்த இடத்தை நிரப்பியவற்றுள் ஒன்று, பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக் 3 என்னும் எளிய காமிரா. ஒரு சுருளில் 12 படங்கள். நீலகிரியில் உதகமண்டலத்தை அடுத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசாங்கத் தொழிற்சாலையும் எழுந்தது. 1960-இல் நிறுவப்பெற்ற அக்கம்பெனி 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசு குறைந்த குளிர்ந்த மலைக்காற்று பிலிம் செய்வதற்கு ஏற்றது என்பதால் அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்து என்னும் பெயரில் அங்கே தயாரான பிலிம் சுருள்கள் நாடெங்கும் சென்றன. பல ஆண்டுகள் நலிவுற்றிருந்து அத்தொழிற்சாலை இறுதியில் மூடப்பட்டுவிட்டது. சுருளும் மருந்துநீரும் இருட்டறையும் தேவைப்படும்வரை, ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் காசு செலவழிந்துகொண்டே இருந்தது. காமிரா மலிந்தாலும் படம் மலியவில்லை.

படத்தையும் மலிவாக்கிய மாறுதல் வேறொரு துறையிலிருந்து வந்தது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் பாயில், ஸ்மித் என்னும் இருவர், ஒளியை மின்னூட்டமாக மாற்றிப் புள்ளிபுள்ளியாக எடுத்துச் சொல்லும் சிலிக்கன் சில்லுக்கு வழிவகுத்தனர். அதற்காக அவர்களுக்கு 2009-இல் நோபெல் பரிசு கிடைத்தது. கோடக் கம்பெனியிலே பணிபுரிந்த ஸ்டீவன் சாசன் என்னும் இளைஞர் 1975-இல் அத்தகைய சில்லைக் கொண்டு பிலிம் இல்லாத காமிரா ஒன்றை அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. குறுக்கே 100, நெடுக்கே 100, ஆக 10,000 புள்ளிகளால் ஆன கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவிலே பதிப்பதற்கு 23 வினாடி ஆயிற்று. பிலிம் விற்று வாழ்ந்த கம்பெனியின் உள்ளேயே பிலிமுக்கு மாற்று தோன்றியது என்பது சரித்திரத்தின் விந்தைகளுள் ஒன்று. அதே கோடக் கம்பெனி 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு வேண்டி நீதிமன்றத்தை நாட நேர்ந்தது.

முதலில் வந்த சில்லு மின்சக்தியை மிகுதியாக உண்பது, விலையும் அதிகம். அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சியைச் சேர்ந்த ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் எரிக் பாசமும் அவருடைய துணைவரும் 1990-களின் தொடக்கத்தில் சீமாஸ் என்னும் முறையிலே ஒளியுணரியைச் செம்மைப்படுத்தினர். கணினிச் சில்லு செய்யும் அதே முறையில் இதனையும் செய்யலாம், மின்செலவும் குறைவு. விண்கலத்திற்காக எண்ணியது சட்டைப்பைக்கு வந்து சேர்ந்தது.

1997-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி கலிபோர்னியாவின் சாண்டா குருஸ் நகரில் பிலிப் கான் என்பவர், காமிரா ஒன்றையும் கைபேசி ஒன்றையும் மடிக்கணினியின் உதவியால் இணைத்து, அப்பொழுதுதான் பிறந்த தம் மகளின் படத்தை ஏறத்தாழ 2,000 பேருக்கு அனுப்பினார். 2000-ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானில் ஷார்ப் கம்பெனியின் கைபேசி ஒன்று 1,10,000 புள்ளிகளுடைய காமிராவோடு வந்தது. எடுத்த படத்தை அக்கணமே மற்றவருக்கு அனுப்பலாம். 2002-இல் வந்த நோக்கியா 7650 மூன்று லட்சம் புள்ளிகளை எட்டியது. பிறகு ஆண்டுதோறும் புள்ளிகள் பெருகின, விலை இறங்கிற்று. அவ்வாறு இறங்கி வந்த படிக்கட்டில் ஒரு படிதான் நான் எடுத்துக்கொண்ட 5,999 ரூபாய்க் கைபேசி.

இப்பொழுது அந்த 8 மெகாபிக்சல் என்பதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மெகா என்பது பத்து லட்சம். குறுக்கே 3,264, நெடுக்கே 2,448. பெருக்கினால் 79,90,272, அதாவது ஏறக்குறைய 80 லட்சம் புள்ளிகள். சாசன் அமைத்த காமிராவைப்போல் இது 800 மடங்கு நுட்பம் உடையது. ஆனால் இதன் திரையில் உள்ள புள்ளிகள் 9,21,600 மட்டுமே. எடுத்த படத்தின் புள்ளிகளில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கையே திரையிலே ஒரே வேளையில் காணமுடியும். 4 அங்குலம் அகலமும் 6 அங்குலம் நீளமும் உள்ள காகிதத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நல்ல அச்சு எடுப்பதற்கு 21,60,000 புள்ளிகள் போதும். ஆகவே வீட்டுச் சுவரில் மாட்டும் படத்திற்கு 80 லட்சம் தாராளம்.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. ஒளியுணரியின் ஒவ்வொரு புள்ளியும் எல்லா நிறத்தையும் காண்பதில்லை. கோடக் கம்பெனியின் பிரைஸ் பேயர் என்பார் 1976-இல் உரிமை பெற்ற முறைப்படி, புள்ளிகளில் பாதிக்குப் பச்சை வடிகட்டியும், கால் பங்கிற்குச் சிவப்பும், கால் பங்கிற்கு நீலமும் பொருத்தப்படுகின்றன. மனிதக் கண் பச்சைப் பகுதியிலேயே நுணுக்கத்தை மிகுதியாக உணர்கின்றது என்பது இதற்குக் காரணம். ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரண்டு நிறங்களை, அடுத்துள்ள புள்ளிகளைப் பார்த்து யந்திரமே கணக்கிட்டு நிரப்புகின்றது. எனவே நாம் காணும் படத்தில் ஒரு பங்கு கண்டது, மற்றது கணித்தது.

அப்படியானால் மெகாபிக்சல் கூடினால் படமும் சிறக்குமா? கடைக்காரர்கள் அவ்வாறே சொல்லி வந்தார்கள். ஆனால் விஞ்ஞானம் வேறு சொல்கிறது. மழைநீரைப் பிடிக்க முற்றத்தில் பாத்திரங்களைப் பரப்புவதாக வைத்துக்கொள்வோம். முற்றத்தின் அளவு மாறாமல் பாத்திரங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் ஒவ்வொரு பாத்திரமும் சிறுத்துவிடும். தூறலின்போது ஒவ்வொன்றிலும் சில துளிகளே விழும். ஒளியும் அவ்வாறே. அக்கால மலிவுக் கைபேசிகளின் புள்ளி ஒன்று, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே பெரியது. பழைய 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு சட்டம், பரப்பளவில் அத்தகைய ஒளியுணரியைப்போல் ஐம்பது மடங்கிற்குக் குறையாது. இதனால்தான் பட்டப்பகலில் தெளிவான படம் தந்த அந்தக் கருவி, மாலை மங்கியதும் மணலைத் தூவியது போன்ற படத்தைத் தந்தது. துவார எண் 2.2 என்பது அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும் முயற்சி. இந்த எண் சிறுக்கச் சிறுக்கத் துவாரம் பெரிதாகும், 2.8 உடைய வில்லையைக் காட்டிலும் 2.2 உடையது ஒன்றரை மடங்கிற்கு மேல் ஒளியை உள்ளே விடும். குறிப்பிலே பெரிய எழுத்தில் எழுதிய எண் ஒன்று; படத்தின் தரத்தை நிர்ணயிப்பவை சிறிய எழுத்தில் எழுதிய எண்கள். சாசனம் படிப்போர் மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடாமல் நிலத்தின் எல்லையையும் அளவையும் கவனிப்பது போல, மாணவர்களும் இத்தகைய குறிப்புகளைப் படிக்கப் பழக வேண்டும்.

மலிவு என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கு ஒரு மனித விலையும் உண்டு. சென்னைக்கு அருகில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் தொழிற்சாலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கும் ஆடவர்க்கும் வேலை கொடுத்தது. அதன் கைபேசித் தொழில் 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் கம்பெனிக்கு மாறியபோது, வரி வழக்கின் காரணமாக இத்தொழிற்சாலை மட்டும் அம்மாற்றத்தில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அங்கே உற்பத்தி நின்றது. தினையின் பெயர்கொண்ட கைபேசி நாட்டிற்கு வந்ததும், இத்தொழிற்சாலையின் யந்திரங்கள் ஓய்ந்ததும் ஒரே பருவத்தில். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் ஒரு யுகம் போய் மற்றொரு யுகம் வந்ததை அந்த இரண்டு செய்திகளும் சேர்ந்து காட்டுகின்றன.

இனி, இந்த மலிவினால் விளைந்த பயன் யாது? 2005-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி லண்டன் சுரங்க ரயிலில் குண்டுகள் வெடித்தபோது, இருளிலும் புகையிலும் நடந்துவந்த பிரயாணிகள் தங்கள் கைபேசியால் எடுத்த படங்களே பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் வெளிவந்தன. சாட்சி சொல்லும் உரிமை பத்திரிகையாளரிடமிருந்து வழிப்போக்கருக்கும் வந்தது. கைபேசி மேலும் மலிந்தபோது அவ்வுரிமை வயலில் நிற்பவருக்கும் நெசவுத்தறியில் அமர்ந்திருப்பவருக்கும் எட்டியது. டிரைப் எடுத்த படங்களிலே நான் தேடிக் காணாத முகங்கள், இப்பொழுது தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்கின்றன. இதைச் சிறிய மாறுதல் என்று நான் கருதவில்லை.

ஆயினும் இங்கேதான் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பிரௌனி எடுத்த காகிதப் படம் நூறாண்டு கடந்தும் கையில் நிற்கிறது. அதைப் பார்க்க வெளிச்சம் ஒன்றே போதும். கைபேசியின் படமோ பாட்டரி, திரை, சில்லு ஆகிய அனைத்தும் உயிரோடு இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு படத்திற்கு இரண்டரை மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 5 ஜிகாபைட் இடத்தில் 2,000 படங்கள் அடங்கும். அத்தனை படங்களோடு எத்தனையோ பழைய கைபேசிகள் இன்று மேசை இழுப்பறைகளில் உயிரற்றுக் கிடக்கின்றன. பழைய யந்திரத்தைக் கொடுத்துப் புதியது வாங்கியபோது அழிந்துபோனவையும் பல. படமே இல்லாத பாட்டனாருக்கும், இருந்த படங்களை இழந்துவிட்ட தந்தையாருக்கும் பேரப்பிள்ளைகளின் கண்ணில் வேறுபாடு ஏதும் இராது.

கைபேசி படத்தோடு நாளையும் நேரத்தையும் தானே எழுதி வைக்கின்றது. 1995-இல் ஜப்பானியர் வகுத்த எக்சிப் என்னும் முறை அதற்கு உதவுகின்றது. ஒளியூட்டிய கால அளவும் துவார எண்ணும்கூட அதில் இருக்கும். ஆனால் படத்தில் நிற்பவர் யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்பதை யந்திரம் அறியாது. அதை எழுதவேண்டியவர் நாமே.

மாணவ நேயர்களே, உங்களிடம் நான் வேண்டுவது சிறு காரியம். உங்கள் வீட்டில் பழைய கைபேசி இருந்தால், அது அடியோடு செயலற்றுப் போகுமுன் அதிலுள்ள படங்களை எடுத்து, ஒன்றுக்கு இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். 2,000 படங்களும் வேண்டியதில்லை, இருபதைத் தேர்ந்தெடுங்கள். அவற்றைக் காகிதத்தில் அச்சிடுங்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பெயர், உறவுமுறை, ஊர், ஆண்டு ஆகிய நான்கையும் தமிழில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால், தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பெரிய சரித்திர நூல்களை எழுத எல்லோராலும் இயலாது. ஆனால் இந்த நான்கு சொற்களை எழுத எவராலும் இயலும்.